வெள்ளை எங்கிருந்து வரும்? குட்டி ரேஸ் காருக்கு டீக்கால் அடிக்கும் வழிகள்

அக்கா மகன் பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கிறான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் 1/24 அளவு டூரிங் கார் மாடல், அதாவது நிஜக் காரில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. பாடிக்கு அடர்நீலம் அடித்து முடித்திருந்தான். பளபளவென்று நன்றாகவே வந்திருந்தது. ஆனால் கிட்டோடு வந்த டீக்காலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்தையும் எண்ணையும், அதில் ஒட்ட அவனுக்கு மனமில்லை. கணபதியில் அவன் அப்பா நடத்தும் லேத் பட்டறையின் பெயர் தமிழில், மஞ்சள் எழுத்தில் இரண்டு பக்கமும் வர வேண்டும். கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் எண். பானெட்டின் மேல் மூன்று மஞ்சள் கோடு.

"மாமா, வீட்டுப் பிரின்டர்லயே அடிச்சுக்கலாமுங்களா? இல்ல காந்திபுரத்துல கடைல குடுத்தர்லாமுங்களா?"

"அது அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. வெள்ளை எங்கிருந்து வரப் போகுது, அதச் சொல்லு."

அவனுக்குப் புரியவில்லை. புதிதாக டீக்கால் செய்ய வருகிற பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டி, தாளும் மையும் வீணான பிறகு திரும்பி வருகிறார்கள். எந்த இயந்திரம் நல்லது என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்டுவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

டீக்கால் தாளில் அடியில் ஒரு காகிதம், அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கு மேல் மிக மெல்லிய ஒரு படலம். மை விழுவது அந்தப் படலத்தின் மேல். வெட்டி எடுத்து அரை நிமிடம் தண்ணீரில் போட்டால் பசை இளகி, படலம் மட்டும் நழுவி வரும். பாடியில் வைத்து, இடம் பார்த்து நகர்த்தி, ஈரத்தை ஒற்றி எடுத்தால் பெயின்ட்டோடு படிந்துவிடும். படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு நிஜ வண்டியில் எழுதியது போலத் தெரியும்.

இப்போது வெள்ளைக்கு வருவோம். வீட்டு இங்க்ஜெட்டும் கடை லேசரும் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கை வைத்துத்தான் எல்லா நிறத்தையும் உண்டாக்குகின்றன. வெள்ளை மை அவற்றில் கிடையாது. சாதாரணத் தாளில் அடிக்கும்போது வெள்ளையைத் தாளே கொடுத்துவிடுவதால் அந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை. நிறமற்ற டீக்கால் தாளில் அந்த உதவி இல்லை. மை அங்கே வண்ணக் கண்ணாடித்தாள் மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டிவிடும். மஞ்சள் எழுத்தை அடித்து அடர்நீலத்தின் மேல் வைத்தால் மஞ்சள் காணாமல் போய் அழுக்குத் தடம் போல ஒன்று மிஞ்சும். கருப்பு எழுத்துக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அது எந்த வெளிர் நிறத்தின் மேலும் நன்றாக நிற்கும்.

ஆகவே பாடியின் நிறத்தைத் தீர்மானிப்பதும் டீக்கால் வழியைத் தீர்மானிப்பதும் ஒரே வேலை. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் அணிக் காரை மனதில் வைத்து மஞ்சள் பாடியில் கருப்பு எழுத்தும் 19 என்ற எண்ணும் போட வேண்டுமென்றால், மலிவான வழியே போதும். பழைய கிராண்ட் பிரீ வண்டிகள் இன்னும் சுலபம். 1968-இல் லோட்டஸ் அணி ஒரு சிகரெட் கம்பெனியின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களுக்கு மாறும்வரை அங்கே நாட்டுக்கு ஒரு நிறம்தான்: பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். அதன் மேல் வட்டமும் எண்ணும். அவ்வளவே. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, வெள்ளைப் பாடியோ மஞ்சள் பாடியோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மருமகன் நீலத்தை அடித்துவிட்டு வந்திருந்தான். அதனால் எல்லா வழியையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

வீட்டு இங்க்ஜெட்டைப் பொறுத்தவரை நல்லது ஒன்று உண்டு. புள்ளி மிகச் சிறியது, நிறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக மாறும் வேலைகள் அதில் அழகாக வரும். ஆனால் மை தண்ணீரில் கரையக்கூடியது. நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மை ஓரளவு தாங்கும், சாயம் கரைத்த டை மை தாங்காது. அடித்த தாளை நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் நிறமற்ற வார்னிஷான கிளியர் ஸ்பிரேயைப் பனி படிவது போல இரண்டு மூன்று தடவை லேசாக அடித்து, மறுபடி ஒரு நாள் காயவிட்டால்தான் தண்ணீரில் போட முடியும். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் அங்கேயே மை கலங்கிவிடும். கிளியர் ஏற ஏறப் படலமும் தடிக்கும். பிரின்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்து, பொறுமையும் இருந்தால் செய்யலாம். நான் விட்டுவிட்டேன்.

என் முதல் தேர்வு லேசர். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகிப் படலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஆனால் தாள் லேசருக்கான டீக்கால் தாளாக இருக்க வேண்டும். இயந்திரத்துக்குள் டோனரை உருக்கும் உருளை 180 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடும். இங்க்ஜெட் டீக்கால் தாள் அந்தச் சூட்டில் இளகி உருளையில் சுற்றிக்கொள்ளலாம். கடைக்காரர்கள் தெரியாத தாளைப் பார்த்தால் தயங்குவதற்குக் காரணம் இதுதான், அந்தத் தயக்கம் நியாயமானது. தாளின் உறையையும் கையோடு கொண்டுபோய் 'லேசர்' என்று எழுதியிருப்பதைக் காட்டுங்கள். தடித்த தாளுக்கான அமைப்பில் போடச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

லேசரின் குறை வெளிர் நிறங்களில் தெரியும். இளநீலம், சாம்பல், பொன் மாதிரியான நிறங்களை அது புள்ளி புள்ளியாக வைத்துத்தான் காட்டும். பேனரில் அது தெரியாது, அரை அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் குட்டிக் காரில் தெரியும். ஆகவே லேசருக்கு வடிவமைக்கும்போது அழுத்தமான முழு நிறங்களையே எடுங்கள். முழு மஞ்சள், முழு கருப்பு, மெஜந்தாவும் மஞ்சளும் முழுதாகச் சேர்ந்த சிவப்பு, இவை மூன்றும் குறை இல்லாமல் வரும்.

அளவைப் பற்றி ஒன்று, இதில் நான் அடிபட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்த ஃபைலை அங்கே பக்கத்துக்குள் அடங்கும்படி தானாகச் சுருக்கி அடித்துவிட்டார்கள். எல்லாம் 97 சதவீதம். 10 மி.மீ. எண் 9.7 ஆனதைக் கண் கண்டுகொள்ளாது. ஆனால் கதவின் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடு வரை போக வேண்டிய 60 மி.மீ. பட்டை ஏறக்குறைய 2 மி.மீ. குறைந்து, தாள் முழுக்க வீணானது. அதிலிருந்து ஒவ்வொரு ஃபைலின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வைக்கிறேன். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி, அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் டீக்கால் தாள் உள்ளே போகும்.

லேசரில் வெள்ளைக்கு என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஒன்று, படலமே வெள்ளையாக உள்ள டீக்கால் தாள். அதில் மஞ்சள் மஞ்சளாகவே வரும். ஆனால் எழுத்தைச் சுற்றி உள்ள வெள்ளையும் கூடவே வரும், அதை எழுத்தின் விளிம்போடு வெட்டி எடுக்க வேண்டும். கட்டம், வட்டம், பட்டை என்றால் வெட்டலாம். 3 மி.மீ. உயரத் தமிழ் எழுத்தைச் சுற்றி யாராலும் வெட்ட முடியாது. சுற்றியுள்ள இடத்துக்குப் பாடியின் நீலத்தையே அடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பெயின்ட்டின் நீலமும் டோனரின் நீலமும் ஒரு நாளும் ஒத்துப்போகாது. வெயிலில் வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும்.

இன்னொன்று, இரண்டடுக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த வழி. எதுவும் அடிக்காத வெள்ளை டீக்காலில் வட்டக் கட்டரால் ஒரு வட்டம் வெட்டி முதலில் கதவில் ஒட்டிவிட வேண்டும். அது நன்றாகக் காய்ந்ததும், நிறமற்ற தாளில் அடித்த கருப்பு எண்ணை அதன் மேல் வைக்க வேண்டும். வெள்ளைக்கு வெள்ளை, கூர்மைக்குக் கூர்மை. ரேஸ் எண்ணுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இயந்திரம் எதுவும் புதிதாக வேண்டாம்.

வெள்ளையையே அடிக்கும் இயந்திரங்களும் உண்டு. ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் ரிப்பன் வைத்து அடிக்கும் பிரின்டர்களை விற்றது. வெள்ளை, பொன், வெள்ளி எல்லாம் அதில் வரும். உலகம் முழுக்க மாடல் செய்கிறவர்கள் அதைப் பொக்கிஷம் போல வைத்திருந்தார்கள். உற்பத்தி நின்று பல வருடமாகிறது, இனி அதைத் தேடிப் போவதில் பயனில்லை. இன்று அந்த இடத்தில் இருப்பது வெள்ளை டோனர் போடும் லேசர். சில சாதாரண இயந்திரங்களிலும் கருப்பு டோனரை எடுத்துவிட்டு வெள்ளையை மாட்டலாம். துணிக்கு டிரான்ஸ்ஃபர் அடிக்க இதை வாங்கி வைப்பவர்கள் உண்டு என்பதால் திருப்பூரில் விசாரிப்பது நல்லது. வெள்ளை தனியாக, நிறம் தனியாக இரண்டு முறை தாள் உள்ளே போக வேண்டியிருந்தால் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் நகரும். அதனால் அடியில் வரும் வெள்ளையை நிற எழுத்தைவிடச் சுற்றிலும் 0.1 மி.மீ. ஒல்லியாக வரைய வேண்டும். நகர்ந்தாலும் வெள்ளை விளிம்பில் எட்டிப் பார்க்காது.

ஸ்டிக்கர் கடைக்கு வருவோம். வினைல் ஸ்டிக்கரில் வெள்ளை, மஞ்சள், பொன் எல்லாமே ரோலாகவே இருக்கிறது. நிஜ ரேஸ் கார்களில் ஒட்டுவதும் வினைல்தான். பிறகு ஏன் குட்டிக் காருக்கு வேண்டாம் என்கிறேன்? கணக்கைப் பாருங்கள். வினைலின் தடிமன் 80 மைக்ரான் (0.08 மி.மீ.) என்று வைத்துக்கொண்டால், 1/24 காரில் அது நிஜ வண்டியில் 2 மி.மீ. தகட்டை ஒட்டியதற்குச் சமம். டீக்கால் படலம் 10 மைக்ரான் என்றால் கால் மி.மீ.தான். கதவின் கோடு, தகட்டு மடிப்பு, கைப்பிடி ஆகியவற்றின் மேல் வினைல் பாலம் போட்டு நிற்கும், உள்ளே இறங்காது. டீக்காலை மார்க் சாஃப்டர் போன்ற திரவம் தடவி இளக்கிப் படியவைக்கலாம். வினைல் அதற்கு அசையாது.

இப்போது தண்ணீர் பாட்டிலுக்கும் காபி கப்புக்கும் ஒட்டித் தருகிறார்களே, யூவி டிடிஎஃப் என்ற அந்த ஒட்டுப்படத்தையும் மருமகன் கேட்டான். வெள்ளை அடியில் இருக்கும், நிறம் பளிச்சென்று இருக்கும், சிறிய எழுத்தும் வரும். பார்த்தவுடன் ஆசை வரும் வேலைதான். ஆனால் அந்த மை யூவி ஒளியில் இறுகிக் கெட்டியானது. விரலால் தடவினால் மேடு தெரியும், வளைவில் படியாது. காரை வைக்கும் மரப்பலகையில் பெயர்ப்பலகை வைக்க அதைப் போல வசதி வேறில்லை. கார் மேல் வேண்டாம்.

ஸ்டிக்கர் கடையில் வினைல் வெட்டும் பிளாட்டர் இயந்திரம் வேறொரு விதத்தில் உதவும். மாஸ்க் வெட்ட, அதாவது பெயின்ட் படக் கூடாத இடத்தை மறைக்கும் தாளை வெட்ட. பெரிய வடிவங்களை டீக்காலாக நினைக்காதீர்கள், பெயின்ட்டாக நினையுங்கள். பானெட்டின் மூன்று கோடுகளை எடுத்துக்கொண்டால், அவை முன் கிரில்லில் இறங்கி, பானெட் முழுக்க ஓடி, மேற்கூரையைத் தாண்டிப் பின்னால் போகின்றன. அவ்வளவு நீள டீக்காலைக் கோணாமல், சுருங்காமல் படியவைப்பது அனுபவஸ்தர்களுக்கே கஷ்டம். மாஸ்கிங் டேப் ஒட்டி ஏர்பிரஷ்ஷால் அடித்தால் அரை நாள் வேலை, விளிம்பு நேராக வரும். கடை வினைலின் பசை பலமானது, புதுப் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரலாம். அதனால் மாடலுக்கென்று விற்கும் காகித மாஸ்கிங் டேப்பையோ மாஸ்க் தாளையோ கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். இங்கேயும் அதே கேள்வி வரும்: நீலத்தின் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்தாலும் அது பச்சைப் பக்கம் மங்கும். முதலில் வெள்ளை, காய்ந்ததும் அதன் மேல் மஞ்சள். டேப் இரண்டுக்கும் ஒன்றே.

ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது பிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணி வழியாக மையைத் தேய்த்து அடிப்பது, தனியாகப் பேச வேண்டிய விஷயம். நல்ல கிட்களோடு வரும் டீக்கால்களில் உயர்ந்த தரமென்று பெயர் வாங்கியது இத்தாலியின் கார்டோகிராஃப். அது ஸ்கிரீனில் அடிப்பதுதான். மை கெட்டியாக விழும், வெள்ளை நிஜமான வெள்ளையாக இருக்கும், அடியில் இருப்பதை முழுக்க மறைக்கும். புள்ளிகளே இல்லை. நம் ஊர்ப்பக்கம் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. திருப்பூர் பனியன் பிரிண்டிங் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது இதற்குப் பொருந்தாது. துணிக்கு அடிக்கும் பிளாஸ்டிசால் தடித்த மை, 160 டிகிரி அளவுச் சூட்டில்தான் இறுகும், டீக்கால் தாள் அந்த வேலையைத் தாங்காது. துணிக்கான மெஷ்ஷும் பெருவெட்டு. நமக்கு அங்குலத்துக்கு 300 நூலுக்கு மேல் உள்ள மெல்லிய மெஷ் வேண்டும். போக வேண்டிய இடம் கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் ஸ்டிக்கர், பெயர்த்தகடு அடிக்கும் கூடங்கள். சின்ன எழுத்து, கூர்மையான கோடு, ஒன்றின் மேல் ஒன்று நிறம் பொருத்துவது எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. கொண்டுபோகும் டீக்கால் தாளில் அவர்கள் மை பிடிக்கிறதா, சுருங்குகிறதா என்று ஒரு துண்டில் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

எண்ணிக்கைதான் இதன் சிக்கல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம், ஒரு பிரேம். ஒரு தாள் அடித்தாலும் நூறு தாள் அடித்தாலும் அந்தத் தயாரிப்புச் செலவும் நேரமும் ஒன்றே. ஒரே ஒரு காருக்கு இது கட்டாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, வெவ்வேறு எண்களையும் வட்டங்களையும் ஒரே தாளில் அடுக்கி, வெள்ளை, கருப்பு என்று இரண்டே நிறத்தில் அடித்தால், லேசரில் கிடைக்காத தரம் லேசர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோவையில் மாடல் செய்கிறவர்கள் சேர்ந்து இதை ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்படி அடித்து விற்கிற எண்ணம் வந்தால், கம்பெனிகளின் லோகோக்களை மட்டும் அனுமதி இல்லாமல் சேர்க்காதீர்கள்.

கடையில் விற்கும் ஆயத்த எண், கோடு, வட்டத் தாள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு நல்லது, பெயருக்கு உதவாது.

சரி, பெயருக்கு வருவோம். அடர்நீலத்தில் மஞ்சள் தமிழ் எழுத்து. இருப்பதிலேயே கஷ்டமானதை அவன் கேட்டிருந்தான். நிறத்தை மாற்றிப் போடலாமே, மஞ்சள் பட்டையைப் பெயின்ட்டில் அடித்துவிட்டுக் கருப்பு எழுத்தை லேசரில் வைக்கலாமே என்றேன். வேலைக்கு அதுதான் சுலபம். அவன் தலையை ஆட்டினான். பட்டறையின் போர்டு மஞ்சள் எழுத்திலேயே இருக்கிறதாம், அவன் பிறப்பதற்கு முன்னால் கையால் எழுதியது. "அது மாறுனா அப்பாவுக்கு ஒட்டாதுங்க மாமா" என்றான். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. அந்த எழுத்துக்காகத்தானே இவ்வளவும்.

அதனால் எழுத்தை வடிவமைக்கவே இரண்டு நாள் ஆனது. போர்டைப் போட்டோ எடுத்து இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வைத்து, அதன் மேல் கோடாக வரைந்தோம். இங்க்ஸ்கேப் இலவசம். கடைகளில் இருப்பது பெரும்பாலும் கோரல் டிரா. டைப் செய்த தமிழை அப்படியே கொண்டுபோனால், பழைய கோரல் இருக்கும் இடங்களில் யூனிகோட் தமிழ் உடைந்துவிடும், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொண்டுபோனாலும் அந்த எழுத்துரு அங்கே இருக்க வேண்டும். எதில் செய்தாலும் கடைசியில் எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு அது எழுத்தல்ல, படம், யார் திறந்தாலும் மாறாது.

ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரே உயரத்தில் நின்றுவிடும். தமிழ் அப்படி அடங்காது, மேலே விசிறி ஏறும், கீழே உகரம் இறங்கும். 5 மி.மீ. பட்டைக்குள் எழுத்தின் உடம்புக்கு 3 மி.மீ. கூடக் கிடைக்கவில்லை. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) இயந்திரத்தின் ஒரு புள்ளி 0.04 மி.மீ. சுற்று. கோட்டுக்கு 0.15 மி.மீ., இரண்டு கோடுகளுக்கு இடையில் 0.2 மி.மீ. என்று நான் எல்லை வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே போனால் சுழி அடைபட்டுவிடும். 'ண'வின் சுழிகள் முதலில் அடைபட்டன, அவற்றைக் கொஞ்சம் அகலமாக்கினோம். பட்டறைப் பெயரில் வரும் 'ஒர்க்ஸ்' என்பதில் மட்டும் மூன்று புள்ளி. ஒவ்வொன்றையும் 0.4 மி.மீ. ஆக்கினால்தான் கண்ணுக்குப் பட்டது. நிஜ வண்டியில் அது ஒரு செ.மீ. புள்ளி, போர்டு எழுதுகிறவர் தூரிகையை அழுத்தி வைக்கும் அளவுதான். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் இழுத்திருப்பார்களே, அதை இவன் கேட்டான். 3 மி.மீ. எழுத்தில் நிழல் வைத்தால் சுழியெல்லாம் மூடிக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டோம். பானெட்டில் பெரிதாக எழுதுகிறவர்கள் தாராளமாக வைக்கலாம்.

பட்டையின் இடத்தைக் கணக்கு மட்டும் போட்டு முடிவு செய்யக் கூடாது. பாடியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கதவுக் கோடும் சக்கர வளைவும் பென்சிலில் எடுத்து, டேப்பை உரித்துத் தாளில் ஒட்டி ஸ்கேன் செய்தோம். நிஜ வண்டியில் 24 செ.மீ. உள்ள எண் 1/24-இல் 10 மி.மீ., 1/20-இல் 12, 1/43-இல் ஐந்தரை என்று வகுத்துவிடலாம். வளைவு வகுப்பதற்கு அடங்காது.

அப்புறம் முடிவு இப்படி வந்தது. பெயருக்குப் பின்னால் நீலத்தைப் பொருத்தப் போராடாமல், கதவுக்குக் கீழே ஓடும் பட்டையை முழுக்கக் கருப்பாக்கிவிட்டோம். வெள்ளைப் படலத் தாளில் லேசரில் கருப்புப் பட்டை, அதற்குள் மஞ்சள் எழுத்து. கருப்பைத் தேடி யாரும் நிறம் ஒப்பிட மாட்டார்கள். பட்டை என்பதால் நான்கு வெட்டில் வேலை முடிந்தது. வெட்டிய விளிம்பில் வெள்ளைப் படலம் மயிரிழை போலத் தெரிந்தது, அதைக் கருப்பு மார்க்கரால் தொட்டுவிட்டோம். வெட்டுவதற்கு முன்பே ஒரு பூச்சுக் கிளியர் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கருப்பு டோனர் மடிப்பில் உதிரும். எண்ணுக்கு இரண்டடுக்கு. கோடுகளுக்கு டேப்பும் பெயின்ட்டும். ஆக ஒரே காரில் மூன்று வழி.

ஒட்டும்போது தண்ணீரில் கவனம் தேவை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் ஊறவைத்த முதல் வட்டத்தைச் சுற்றி, காய்ந்த பிறகு வெள்ளை வளையம் நின்றது. சிறுவாணித் தண்ணீர் வந்த நாளில் ஒரு பாட்டில் பிடித்து வைத்து மீதியை அதிலேயே ஒட்டினோம், தடமே இல்லை. அது வராத இடத்தில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும்.

கடைசிக் கிளியர் பாக்கி. நாங்கள் ஒட்டி முடித்தது ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலைத் திறந்தால் தூசியை அள்ளிக்கொண்டு வருகிறது. மூடி வைத்து அடிக்கலாம் என்றால் அவன் வாங்கி வைத்திருப்பது இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியர். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, காற்றோட்டமும் முகத்துக்குச் சரியான மாஸ்க்கும் இல்லாமல் அதைத் தொட நான் விடமாட்டேன். கார் இப்போது அலமாரியில் கண்ணாடி டப்பாவுக்குள் இருக்கிறது. ஆவணி பிறந்து காற்று அடங்கியதும் மொட்டை மாடியில் வைத்து அடிப்பதாக இருக்கிறோம். முதலில் இரண்டு தடவை பனி போல, டீக்கால் சுருங்கவில்லை என்று பார்த்த பிறகு ஒரு ஈரப் பூச்சு.